நோவில்லாத புண்

அரியாலை
ஓகஸ்ட் 26

இல்லை அண்ணை, அழவில்லை. மாமி அப்படித்தான் சொல்லுவா. நான் வெங்காயம் உரித்தாலும் அழுதேன் என்றுதான் அம்மாவுக்குச் செய்தி போகும்.

அன்புள்ள அண்ணைக்கு என்று தொடங்கியிருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் அம்மாவுக்கும் சுகந்தானே? காற்று விட்டதா, கடலுக்குப் போகிறீர்களா?

அருமைநாயகி மாமிக்கு அப்பாவின் குரல். தங்கையென்றாலும் இவ்வளவு இருக்குமா? அவ குசினியில் கதைத்தால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். அப்பா போன பிறகு இதுதான் முதல் தடவை இந்த வீட்டில் தங்குகிறேன். என் அறைச் சன்னலுக்கு வெளியே மதில், ஒருவரும் எட்டிப் பார்க்க முடியாது. நல்லது.

என் போன் உங்களிடமே இருக்கட்டும். மாமியின் போனுக்கும் எடுக்க வேண்டாம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பா. எழுதுங்கள்.

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வந்ததை நீங்கள் ஊருக்குச் சொல்லவில்லை. நானும்தான். போன வருட வெட்டுப்புள்ளியை வைத்துப் பார்த்தால் எனக்கு மருத்துவம் நிச்சயம். அதை நம்பி ஊர் மாலை போட்டது. கோயிலடியிலிருந்து துறைமுகம் வரை பாண்ட் வாத்தியம். சந்தியில் பனர்: மீள்குடியேறிய மயிலிட்டியின் முதலாவது வைத்தியர். இந்த வருட வெட்டுப்புள்ளி பிறகு வந்தது. நான் அதற்குக் கீழே.

மேடையில் ஸ்ரெதஸ்கோப் தந்தார்கள். நான் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தேன். போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

விவசாய பீடம் கிடைத்தது. பதியவில்லை. பதிந்தால் மருத்துவத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்க முடியாது. அது ஒரு காரணம். பதிந்தால் ஊருக்குச் சொல்ல வேண்டும். இது மற்றது.

நவம்பரில் உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தரம் எழுதுகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மதுரா

*

மயிலிட்டி
செப்ரெம்பர் 3

அன்புத் தங்கச்சிக்கு,

அம்மாளாச்சி புண்ணியத்தில் நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

எனக்குக் கடிதம் எழுத வராது. உனக்காக எழுதுகிறேன்.

ஒரு விசயம் சொல்ல வேண்டும். நீ போன பிறகு ஒருநாள் துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு ஆழ்வாப்பிள்ளை அப்பு வந்தார். உனக்கு முதல் மாலை போட்டவர்.

"என்னடா பிரகலாதா, பிள்ளை கம்பசுக்குப் போயிட்டாளோ?"

சுற்றிவர ஆட்கள். "ஓம்" என்றேன்.

"கொழும்போ?"

அதற்கும் ஓம் என்றுதான் வந்தது. வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை. இப்போது ஊருக்கு நீ கொழும்பில்.

லண்டன் சித்தப்பா உன் போன் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டார். "இது பகிடிவதைக் காலம் சித்தப்பா, முதல் வருசப் பிள்ளையளைச் சீனியர்மார் போன் பாவிக்க விடாயினம்" என்றேன். "ஓமோம், உவங்கள் அந்தக் காலத்திலையும் அப்பிடித்தான்" என்று மிச்சக் கதையை அவரே சொன்னார்.

அம்மாவும் யாரும் கேட்டால் தலையை ஆட்டுகிறா.

நீ இந்த முறை எடுத்துவிட்டால் எல்லாம் சரிவந்துவிடும். ஒரு வருசம் பிந்தினது யாருக்குத் தெரியப்போகிறது? கவருக்குப் பின்னால் முகவரி எழுதாதே. தபாற்காரப் பொடியன் எங்கள் ஊர்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணை

*

அரியாலை
செப்ரெம்பர் 12

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா?

உங்கள் கடிதத்தை வாசித்தபோது கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஆறுதலாக இருந்தது. அதுதான் வெட்கம்.

ரியூற்றரி வகுப்பில் இரண்டாம் தரம் எழுதுகிறவர்களுக்குக் கடைசி வரிசை வாங்கு. பக்கத்தில் ஸ்ரெல்லா என்று குருநகர்ப் பிள்ளை. "ஆர் உங்கை பின்னாலை சிரிக்கிறது?" என்று சேர் கேட்டால், "பழைய ஆக்கள்தான் சேர், உங்களுக்குத் தெரிஞ்ச முகங்கள்தானே" என்பாள். இரண்டாம் தரத்தைச் சத்தமாக எழுதுகிறவள்.

நான் மயிலிட்டி என்றதும் கேட்டாள். "உங்கடை ஊரிலை ஒரு பிள்ளைக்கு மெடிசின் கிடைச்சதெல்லே? பனர் பாத்தன்."

"ஓம்" என்றேன்.

நானும் ஓம்தான் அண்ணை.

முதல் தரம் எங்கே பிழைத்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். ஒரு கையில் கடந்தகால வினாத்தாள், மறு கையில் விடைகளோடு புள்ளித்திட்டம். கேள்வியை வாசிப்பேன். விடையை வாசிப்பேன். இது தெரியும், அடுத்தது. விடையைப் பார்த்து விளங்கியதை எனக்குத் தெரிந்தது என்று நினைத்திருக்கிறேன். மண்டபத்தில் புள்ளித்திட்டம் இல்லை.

இப்போது புள்ளித்திட்டங்கள் மாமியின் அலுமாரியில். திறப்பு மாமியின் இடுப்பில். மணிக்கூட்டை வைத்து முழுப் பேப்பரையும் எழுதி முடித்த பிறகுதான் கேட்கலாம். "உண்மையாய் முடிச்சிட்டியோ? உன்ரை கொப்பரும் பக்கத்துப் பெடியனைப் பாத்துத்தான் எழுதினவர்" என்றபடி திறக்கிறா.

பிழைத்த கேள்விகளை அடுத்த கிழமை திரும்பச் செய்கிறேன். அப்போதும் பிழைத்தால் அதற்கடுத்த கிழமை. பௌதிகவியல் பல்தேர்வில் பாதி பிழை. A எடுப்பேன் என்று சொல்லித் திரிந்த பாடம்.

அம்மாவுக்கு என் அன்பு.

மதுரா

*

மயிலிட்டி
செப்ரெம்பர் 22

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உனக்குத் தடிமன், ஒரே தும்மல் என்று மாமி சொன்னா, மாறிவிட்டதா?

அம்மாவை இப்போது வீட்டு வேலை செய்ய விடுகிறார்கள் இல்லை. பின்னேரமானால் யாராவது வருகிறார்கள். மற்றப் பக்கத்து வீட்டு நல்லம்மா மாமி பிறஷர்க் குளிசை அட்டையோடு வந்து, "பிள்ளையிட்டைக் கேட்டுச் சொல்லு, இது வெறும் வயித்திலையோ?" என்கிறா. அட்டையிலேயே எழுதியிருக்கிறது. அதை அம்மா வாசித்துக் காட்டினா. "பாத்தியே, டொக்டரின்ரை தாயெண்டால் தாய்தான்" என்று போனா.

சிரிப்பாக இருக்கிறது, ஆனால் சிரிக்க முடியவில்லை.

அப்புவின் விசயம் வேறு. அவருக்குச் சீனி வருத்தம் தெரியும்தானே. காலில் சின்ன விரலுக்குக் கீழே ஒரு புண். கொஞ்ச நாளாக ஆறவில்லை. நோவில்லையாம். கிளினிக்குக்குப் போகப் பயம். "போனால் வெட்டிப் போடுவாங்கள், பிள்ளை சொல்லட்டும், பிள்ளை போகச் சொன்னால் போறன்" என்கிறார். தினமும் வேலியடியில் நின்று கேட்கிறார். நான் என்ன சொல்ல? நீ ஏதாவது ஒரு வரி எழுது.

படி. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அண்ணை

*

அரியாலை
செப்ரெம்பர் 30

அன்புள்ள அண்ணைக்கு,

தடிமன் போய்விட்டது. நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள்.

புள்ளிகள் ஏறத் தொடங்கிவிட்டன. இரசாயனவியலில் கட்டமைப்புக் கேள்விகள் இப்போது நேரத்துக்குள் முடிகின்றன. உயிரியலில் உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புக் கணத்தாக்கம் பற்றிய கட்டுரைக்கு ரியூற்றரிச் சோதினையில் முழுப்புள்ளி. சேர் என் தாளை உயர்த்திக் காட்டினார். "பழைய ஆக்களுக்கு ஒருக்காக் கை தட்டுங்கோ" என்று ஸ்ரெல்லா கத்தினாள்.

பௌதிகவியல் மட்டும் இன்னும் இழுக்கிறது.

அப்புவுக்கு: நோவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீரில் கழுவிச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அம்மாவை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்.

மதுரா

*

மயிலிட்டி
ஒக்ரோபர் 8

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். நீயும் அப்படித்தானே?

நீ எழுதியதை அப்படியே அப்புவுக்கு வாசித்துக் காட்டினேன். "பயப்பட ஒன்றுமில்லை" என்ற இடத்தை இரண்டாந்தரம் வாசிக்கச் சொன்னார். முகம் மலர்ந்துவிட்டது. கிளினிக் நாள் போன கிழமை. போகவில்லை. அன்று கடற்கரையில் நின்று என்னோடு வலை இழுத்தார்.

உனக்குக் கருவாடு தந்துவிட்டிருக்கிறார். கொழும்பில் இப்படி நல்ல கருவாடு கிடைக்காதாம். மாமியிடம் கொடுத்துவிடுகிறேன்.

முழுப்புள்ளி கேட்டு அம்மா விளக்குக் கொளுத்தினா.

அண்ணை

*

அரியாலை
ஒக்ரோபர் 20

அண்ணைக்கு,

சுகம் கேட்டு எழுத நேரமில்லை, மன்னியுங்கள். அப்புவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்று மாமியோடு பிறஷர்க் கிளினிக்குக்குப் போனேன். பக்கத்து அறைக் கதவில் ஒரு பாதத்தின் படம் ஒட்டியிருந்தது. நீரிழிவு உள்ளவர்கள் நோவில்லாத புண்ணையும் உடனே காட்டுங்கள் என்று கீழே. நான் அதை வாசித்தேன். பிறகு திரும்ப வாசித்தேன்.

நோவில்லாததுதான் பயம் அண்ணை. சீனி கூடினால் காலில் நரம்பு பழுதாகும். நரம்பு பழுதானால் நோவு மூளைக்குப் போகாது. போகாவிட்டால் மனிதர் புண்ணோடு நடப்பார். வலை இழுப்பார். நோவு எந்த வழியால் மூளைக்குப் போகிறது என்று எழுதித்தான் முழுப்புள்ளி எடுத்தேன். போகாமல் விட்டால் என்ன என்று நான் யோசிக்கவில்லை. அந்தக் கேள்வி பேப்பரில் வரவில்லை.

கிளினிக்கிலிருந்தே மாமியின் போனில் உங்களுக்கு எடுத்தேன். நீங்கள் கடலில். அம்மா எடுத்தா. சொன்னேன். "சரி பிள்ளை, நாங்கள் பாக்கிறம், நீ படி" என்றா. கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அம்மா கேள்வி கேட்காமல் ஒருநாளும் போனை வைத்ததில்லை.

உடனே எழுதுங்கள்.

இன்னொன்று. அப்புவுக்கு அந்த வரியை எழுதும்போது நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். கையெழுத்துக்கூட வேறு மாதிரி வந்தது. கிளினிக்குக்குப் போங்கள் என்று எழுத எனக்குத் தெரியாமலில்லை. அதை யாரும் சொல்லலாம். நான் டொக்டர் சொல்வதைச் சொல்லப் பார்த்தேன்.

மதுரா

*

அரியாலை
ஒக்ரோபர் 29

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். நீங்கள் எழுதவில்லை.

போன் எடுத்தால் "அண்ணை கடலிலை" என்று அம்மா வைக்கிறா. காற்று இறங்காத நாளிலும் கடலிலாம்.

பேப்பர் செய்கிறேன். புள்ளித்திட்டத்தை வாங்குகிறேன். திருத்துகிறேன். மாமி பகிடி விடுவதை நிறுத்திவிட்டா. அவவுக்கு ஏதோ தெரியும்.

அப்பு எப்படி? அதை மட்டும் எழுதுங்கள்.

மதுரா

*

மயிலிட்டி
நவம்பர் 2

தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதாமல் இருந்தோம்.

நீ போன் எடுத்த அன்று அப்பு ஏற்கெனவே யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில். காய்ச்சல் வந்து விழுந்துவிட்டார். கால் கறுத்திருந்தது. நான்தான் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டு விரல் எடுத்தாயிற்று. காய்ச்சல் விட்டுவிட்டது. மிச்சக் கால் தப்பும் என்கிறார்கள்.

சோதினை முடியட்டும், அதற்குப் பிறகு சொல்லலாம் என்று அம்மா சொன்னா. எனக்கும் அதுதான் சுகமாகப் பட்டது.

ஒன்றை நீ விளங்கிக்கொள். எழுதியது நீ, வாசித்தது நான். கொழும்பு என்றதும் நான். அவர் உன் பேரில் இன்னும் நம்பிக்கையாகத்தான் இருக்கிறார். "பிள்ளை சொன்னபடி கழுவினனான், நான்தான் உப்பைக் குறைச்சுப் போட்டன்" என்று தன்னைத்தான் ஏசுகிறார்.

நீ அங்கே போகாதே. படி.

அண்ணை

*

அரியாலை
நவம்பர் 5

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கும் தகுதி எனக்கு இன்று இல்லை. போனேன்.

நான் வாட்டுக்குள் கால் வைக்கமுதலே அப்பு கண்டுவிட்டார். "இஞ்சை பாருங்கோ எல்லாரும்! எங்கடை டொக்டர் பிள்ளை! கொழும்பிலையிருந்து என்னைப் பாக்கவெண்டு வந்திருக்குது!"

பக்கத்துக் கட்டில்காரர் எழும்பி இருந்தார். தலையணைக்குக் கீழிருந்து தன் எக்ஸ்ரேயை எடுத்து நீட்டினார். மருந்து கட்டிக்கொண்டு நின்ற தாதி திரும்பி, "எந்த பட்ச்?" என்று கேட்டா. சிரித்தபடிதான் கேட்டா.

"நான் கொழும்பிலை இல்லை அப்பு. எனக்கு மெடிசின் கிடைக்கேல்லை. அரியாலையிலை மாமி வீட்டிலை இருந்து திரும்பச் சோதினைக்குப் படிக்கிறன்."

அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் ஆற்றை பேச்சைக் கேட்டு ரெண்டு விரலைக் குடுத்தனான்?"

"என்ரை."

"நீ ஆர்?"

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். எக்ஸ்ரேக்காரர் அதை மெல்லத் திரும்பத் தலையணைக்குக் கீழே வைத்தார். தாதி திரும்பிப் பாதியில் விட்ட மருந்துக் கட்டை முடித்தா. அவ என்னை ஏசியிருக்கலாம்.

ஊருக்குச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் வந்து சந்தியில் நின்று சொல்லுவேன். நோகும் என்று தெரியும். நோகட்டும்.

வீட்டுக்கு வந்து பௌதிகவியல் பேப்பர் செய்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பல்தேர்வில் இதுவரை எடுத்ததில் கூடிய புள்ளி. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. மண்டை அதன்பாட்டில் வேலை செய்கிறது.

மதுரா

*

மயிலிட்டி
நவம்பர் 15

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம் என்று எழுதுகிறேன். நித்திரை வருகிறது, சாப்பாடு இறங்குகிறது.

சொல்லிவிட்டேன். துறைமுகத்தில், முதல் ஓம் சொன்ன அதே இடத்தில். உனக்குப் பாராட்டு விழா வைத்த சங்கத்தின் தலைவர் குகதாசன், "அப்ப அந்த ஸ்ரெதஸ்கோப்?" என்று கேட்டார். வேறு என்ன கேட்பதென்று அவருக்கும் தெரியவில்லைப்போல. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பனரைக் கட்டியதும் நான், அவிழ்த்ததும் நான்.

சித்தப்பா போனில் நன்றாக ஏசினார். ஸ்பீக்கரில் போடாமலே ஊருக்குக் கேட்டது.

அம்மா சந்தைக்குப் போகாமல் இருந்தா. மரக்கறி முடிந்ததும் போனா.

அப்பு வீட்டுக்கு வந்துவிட்டார். போனேன். அவரின் மனிசி தேத்தண்ணி தந்தா. நான் குடித்து முடியும்வரை அப்பு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிக்கிடும்போது கேட்டார்: "அவளுக்குச் சோதினை எப்ப?"

சொன்னேன். "ம்" என்றார். நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை.

எழுது. ஆறுதலாக எழுது. தெரியாததைத் தெரியாது என்று விடு.

அண்ணை

*

மயிலிட்டி
ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கு நானும் அம்மாவும் சுகம். நீங்கள் தொழிலுக்குப் போயிருக்கும் முல்லைத்தீவு மீன்வாடியில் தண்ணீர் நல்லதா? இரவில் போர்த்துக்கொள்ளுங்கள்.

போனிலும் சொல்லலாம். உங்களுக்குக் கடிதத்தில்தான் சொல்ல வருகிறது.

முடிவு வந்துவிட்டது. மூன்று பாடத்துக்குமான இசட் புள்ளி போன தரத்தைவிட நன்றாகக் கூடியிருக்கிறது. பௌதிகவியலுக்கு A. போன வருட வெட்டுப்புள்ளிக்கும் முந்தின வருட வெட்டுப்புள்ளிக்கும் நான் மேலே. இந்த வருடத்தினது இன்னும் வரவில்லை. ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாது.

ஒருவரும் வரவில்லை. வெடி இல்லை. நல்லம்மா மாமி மட்டும் மதிலுக்கு மேலால், "என்னவாமடி?" என்றா.

"கூடியிருக்குது மாமி. ஆனால் வெட்டுப்புள்ளி வரவேணும்."

"வரட்டும், வரட்டும், ஆறுதலாய் வரட்டும்" என்று மதிலில் வைத்த கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனா. அம்மா சிரித்தா. நான் ஊருக்கு வந்த பிறகு அம்மா சிரித்ததைப் பார்த்தது அன்றுதான்.

சோதினை முடிந்து வந்த நாளிலிருந்து அப்புவின் வீட்டுக்குப் போய் வருகிறேன். அவர் மனிசியோடுதான் என் கதை. அவர் ஊன்றுகோலோடு உள்ளே போய்விடுவார். நேற்று மனிசி சொன்னா, கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக ஆளில்லை, அவவுக்குத் தலைச்சுற்று. நீங்கள் இருந்தால் நீங்கள் போவீர்கள்.

"நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "உன்னோடையோ?"

அவ்வளவுதான். வருவாரோ தெரியாது. என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாளைக்குக் கிளினிக். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மதுரா

*

மறுநாள் காலை மதுரா ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்து ஆழ்வாப்பிள்ளை வீட்டுப் படலையில் நிறுத்தினாள். கொஞ்சம் பிந்தித்தான் அவர் வந்தார். ஏறினார். கிளினிக்கில் அவள் வரிசையில் நின்று அவருக்கு இலக்கம் எடுத்தாள். "நீங்கள் இவருக்கு என்ன முறை?" என்று அங்கிருந்த தாதி கேட்டாள். பக்கத்து வீடு என்றாள் மதுரா. பெயர் கூப்பிடும் வரை இருவரும் ஒரே வாங்கில் இருந்தார்கள்.